செத்தவரோடு ஜோடி

சபையில் அதற்கு ஜோடி என்று பெயர். ஒரு பக்கத்து உறுப்பினர் நோயில் விழுந்தால், மறுபக்கத்தில் ஒருவர் தானும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்வார். எழுத்து, கையெழுத்து கிடையாது. வாய்ச்சொல்தான்.

நேற்று ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த எதிர்க்கட்சி உறுப்பினரான டாக்டருக்கு, சபையில் அவருக்கு எதிர் வரிசை உறுப்பினரான அவள் அப்படியொரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. "நீ வேணாம்னுதான் போடுவ, தெரியும்மா. நான் வேணும்னு போடுவேன். ரெண்டும் கழிஞ்சு போகட்டும்" என்றார். விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்று விவாதம். ஆயுத விற்பனைக்குக் கட்டுப்பாடு போடும் உலக ஒப்பந்தத்தில் நாடு சேர வேண்டும் என்று தீர்மானம். சேர்ந்துவிட்டால், சாதாரண ஜனங்கள் மேல் குண்டு போடுகிறவர்களுக்குக் குண்டு விற்க முடியாது. அவள் தொகுதியிலுள்ள குண்டுத் தொழிற்சாலைக்கு அவர்கள்தான் பெரிய வாடிக்கை. அக்கா புருஷனுக்கு அங்கேதான் வேலை. பாதி ஊருக்கும் அங்கேதான்.

யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் பார்வை எதிர் வரிசையில் டாக்டரின் காலி நாற்காலியை விட்டு நகரவில்லை. அதன் மெத்தை, ஆள் உட்கார்ந்த மாதிரி மெல்ல அமுங்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அமுங்கித்தான் இருந்தது.

கட்சிக் கொறடா அவள் காதருகே குனிந்தார். "கணக்கு இழுபறி தங்கச்சி. நீ போட்டா சமமாயிரும், சமமானா தீர்மானம் தோத்த கணக்கு. போடாட்டி ஜெயிச்சிரும். மணி அடிச்சதும் இடது வாசல், அதான் வேணாம்கிறவங்களுக்கு."

"நான் ஜோடி சொல்லியிருக்கேண்ணே."

"ஆளு போனா பேச்சும் போச்சு. பொணத்தோட ஜோடி சேந்தா, அடுத்த தடவை சீட்டை அதுகிட்டயே போய்க் கேளு."

"அவரு இன்னும் விடலண்ணே."

"என்னத்த விடல?"

அவள் மணிக்கட்டை மறைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. எல்லோரும் வாசல்களை நோக்கி நகர்ந்தார்கள். அவளும் இரண்டடி வைத்தாள். அதற்கு மேல் கை வரவில்லை. கோபமில்லாத பிடி, சாலையோரம் பிள்ளையை நிறுத்தி வைப்பது போல. ஒரு உதறு உதறியிருந்தால் விட்டிருக்கும். அவள் உதறவில்லை.

கதவுகளைச் சாத்தினார்கள். தீர்மானம் ஒரே ஓட்டில் ஜெயித்தது. கொறடா அவள் முகத்தைப் பார்க்காமலே தாண்டிப் போனார்.

வராந்தாவில் போன் அடித்தது. அக்கா புருஷன்.

"என்னம்மா, தோத்துச்சா? இங்க மிஷினையெல்லாம் நிறுத்திட்டு சுத்தி நிக்கிறோம்."

"ஜெயிச்சிருச்சு அத்தான்."

"எப்படி? நீ போட்டல்ல?"

"போடல."

அந்தப் பக்கம் கொட்டகை நிறைய ஆட்கள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எல்லோரும் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஒவ்வொரு மூச்சும் யாருடையது என்று அவளால் சொல்ல முடிந்தது. யாராவது திட்டிவிட்டுப் போனை வைத்துவிட மாட்டார்களா என்று காத்து நின்றாள். யாரும் வைக்கவில்லை.