நூற்றிருபது முறை மூழ்கியவர்

1.

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. முக்குளிக்க வரும் வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றுமுன் சோதிக்கணுமா வேண்டாமா என்று எங்கள் நிலையத்தில் அண்ணனும் தங்கையும் போட்ட சண்டை. அண்ணன் முதலாளி, தங்கை பயிற்சியாளர். நான் சிலிண்டரில் காற்று அடைப்பவன். எவன் காட்டும் பயிற்சிச் சான்று அட்டையையும் நம்பமாட்டேன். அட்டைக்கு மூச்சு முட்டாது.

முதலில் ‘நீலக்கடல் அமைதியாகப் பரந்து’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அன்று யாரும் கடலைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தோம்.

2.

வந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் நூற்றிருபது. அத்தனை முறை மூழ்கியதாக வாசலிலேயே சொல்லி, அட்டையையும் நீட்டினார். [இவரைத் திமிர் பிடித்தவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் நல்ல மனிதர். நான் தூக்கிவந்த சிலிண்டரைக் கைநீட்டி வாங்கினார்.]

அவர் உடை மாற்றப் போனதும், கூடவே முக்குளிக்க வந்திருந்த அவர் மனைவி பயிற்சியாளரிடம் வந்தாள்.

“அவர் தண்ணியில இறங்கி ஒம்பது வருஷமாச்சுங்க. நான் சொன்னா கோவம் வரும். நீங்களே பார்த்துடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேணாம்.”

பயிற்சியாளர் நேரே அண்ணனிடம் போனாள். “இன்னைக்கு ஆறு பேருக்கும் சோதனை.”

“படகு லேட்டாகும். அட்டை இருக்குல்ல?”

“அட்டையவா கடல்ல இறக்கப் போறோம்?”

“உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.”

“அதுக்குத்தானேண்ணே சம்பளம் தர்றே.”

3.

பக்கத்துக் குளத்தில், நெஞ்சளவுத் தண்ணீர். அடியில் மண்டியிட்டு, முகமூடியைக் கழற்றி மாட்டி, உள்ளே புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும்.* மனைவி செய்துவிட்டாள். நூற்றிருபது, கழற்றிய மறுநொடி இருமிக்கொண்டு எழுந்தார்.

“வார் சரியில்ல.”

பயிற்சியாளர் வேறு முகமூடி மாற்றிக் கொடுத்தாள். மறுபடியும் எழுந்தார்.

“இங்க எழுந்துட்டீங்க சார். அங்க பதினெட்டு மீட்டர்.”

*அந்த ஆழத்தில் மிரண்டு, மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியும்.

4.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அண்ணன் பேச்சு எடுபட்டு நூற்றிருபதும் படகேறுகிறார். ‘மேலே வந்த மனைவி திரும்பிப் பார்த்தபோது’

அதோடு நிறுத்திவிட்டேன். அவரைக் கொன்றால் சோதனை அவசியம்தான் என்று எல்லோரும் தலையாட்டுவீர்கள். ஒருத்தர் செத்தால்தான் நம்புவேன் என்கிறவருக்கு நான் கதை எழுதவில்லை.

நடந்தது இவ்வளவுதான். முக்கால் மணி நேரம் தாமதம். படகுப் பட்டியலில் அவர் பெயரை அடித்தார்கள்.

“பார்த்தியா? யாருக்கும் ஒண்ணும் ஆகல, படகுதான் லேட்டு. எதுக்கு இந்தச் சோதனை?” என்றார் அண்ணன். தங்கை நூற்றிருபதின் முகமூடியை அலசப் போனாள்.

நூற்றிருபது துண்டைப் போர்த்திக்கொண்டு படகுத்துறை வரை வந்தார். மனைவியின் ஒரு கால் படகில்.

“நீ போயிட்டு வா,” என்றார். பிறகு, மெதுவாக: “நீதான் சொன்னியா?”

ஆமாம் என்று எழுதினேன், அடித்தேன். இல்லை என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அவள் வீட்டுக்காரரை எனக்கு அரை நாள்தான் தெரியும். உங்களுக்கு வீடு வாசல் இருக்கும், நீங்களே சொல்லுங்கள். படகோட்டி இன்ஜினைப் போட்டுவிட்டான்.