பங்களாச் சுவரில் பதினொரு ரயில்

தாணப்பன் காலை ஏழு மணியிலிருந்து பங்களா வராந்தாவின் ஓரத்தில் நின்றான். தூறல் விடவில்லை. அருமனைக்கு மேலேயுள்ள அந்த ரப்பர் தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டது. துரை கப்பலேறி இரண்டு மாதம் ஆகிறது. புது மேனேஜர் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக்கு ஒரு கொல்லன் வேண்டும் என்று போன மாதமே சொல்லியிருந்தார்கள். நிரந்தர வேலை, தொழிலாளர் லயத்தில் தனி வீடு. அந்த வீடு கிடைத்தால், பூதப்பாண்டியில் பிறந்த வீட்டில் அண்ணனோடு ஒண்டிக் கிடக்கும் மனைவி சொர்ணம்மாளையும் பிள்ளையையும் கூட்டி வந்துவிடலாம். நாலு வருஷமாக அவன் பட்டறையை ஒட்டிய சாய்ப்பில் தனியாகப் பொங்கித் தின்கிறான். பேச ஆளில்லாமல் சில நாள் அடுப்போடு பேசிவிட்டு, யாராவது கேட்டிருப்பார்களோ என்று வெட்கப்பட்டிருக்கிறான்.

அத்தனை வருஷமும் செய்தது கொல்லு வேலைதான். கம்பெனி கொல்லனுக்குச் சம்பளம் ஒதுக்காததால், செக்ரோல் என்ற ஆள்கணக்கு ஏட்டில் அவன் பெயருக்கு நேரே களைவெட்டு என்று எழுதினார்கள். துரைக்கோ ரயில் பைத்தியம். இந்தப் பக்கம் ரயில் கிடையாது. அதனால் அவனைக் காரில் ஏற்றித் திருவனந்தபுரம் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார். சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தான் அவன். காலி எண்ணெய் டிரம்மைப் பிளந்து, தட்டி நிமிர்த்தி, உளியால் வெட்டி, அரம் போட்டுச் சுவரில் மாட்டும் ரயில்கள் பதினொன்று செய்தான். டிரம் தகடு தன் வளைவை லேசில் விடாது. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் பிடித்தது. எஞ்சின் என்றால் அதைச் செய்த பட்டறையின் பெயர் இருக்க வேண்டுமாம். சீமைப் பட்டறை ஒன்றின் பெயரைத் துரை இங்கிலீஷில் எழுதித் தர, பதினொன்றிலும் அதையே கொத்தினான். கனம் என்று துரை அவற்றைச் சுவரிலேயே விட்டுப் போனார். தாணப்பனைப் பற்றி ஒரு கடிதம் எழுதி வைப்பதாகச் சொன்னவர், எழுதவில்லை.

ஒன்பது மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜருக்குப் பக்கத்தில் கங்காணி மத்தியாஸ் நின்றான்.

"செக்ரோல்ல களைவெட்டுன்னுல்லா கிடக்கு. நீ கொல்லன்னு எப்படி நம்புகது?" என்றார் மேனேஜர்.

"இந்தச் சுவத்துல கிடக்கது பூராவும் நான் செஞ்சதுதான் ஐயா."

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு எஞ்சினருகே குனிந்து படித்தார். திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

"இது சீமையில செஞ்சது. பேரு கொத்தியிருக்கு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

"அந்தப் பேரைக் கொத்தினதும் நான்தான். மத்தியாஸ் அண்ணன் தகடு பிடிச்சுத் தந்திருக்காரு, கேட்டுப் பாருங்க."

தாணப்பன் தகடு வெட்டிய நாட்களிலெல்லாம் அவன் காட்டில் களை வெட்டினான் என்று செக்ரோல் எழுதியவன் மத்தியாஸ். உண்மையைச் சொன்னால் கள்ள எழுத்து என்று அவன் வேலையும் போகும்.

"நான் காட்டுல நிக்கவன் ஐயா. இங்க நடந்தது எனக்குத் தெரியாது," என்றான் மத்தியாஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு துண்டுத் தகடு தாங்க ஐயா. இப்பவே வெட்டிக் காட்டுதேன்," என்றான் தாணப்பன்.

"தகடு எஸ்டேட் சாமான். நீ விளையாடத் தர முடியாது. நெய்யாற்றின்கரையிலருந்து ஒரு கொல்லன் நாளைக்கு வாறான். பட்டறைச் சாய்ப்பை ஒழிச்சுக் குடுத்துட்டு ஒண்டியாளுக ஷெட்டுல போய்க் கிட."

வாசற்படியில் மத்தியாஸ் பின்னாலேயே வந்தான். "வீட்டுல ஆறு பேரு மக்கா. நான் என்ன செய்ய?"

தாணப்பனுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. சொர்ணம்மாளுக்கு என்ன எழுதச் சொல்வது என்று யோசித்தபடி படியிறங்கினான். சித்திரைக்கு வீடு கிடைத்துவிடும் என்று போன கடிதத்தில் எழுதச் சொல்லியிருந்தான்.

ஸ்டோரில் உளி, அரம், சம்மட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு களைவெட்ட ஒரு மம்பட்டி தந்தார்கள். மேடேறும் வழியில் அதன் தலை கழன்று ஆடியது. தாணப்பன் தூறலில் குத்தவைத்து உட்கார்ந்து, ஓடையோரம் கிடந்த கல்லை எடுத்து ஆப்பை அடித்து இறுக்கினான். நாலாவது அடியில் கல் இரண்டாக உடைந்தது. எழுந்து வேறு கல் தேடினான்.