கீழே ஆள் இருக்கிற வீடு

கிணற்றுக்காரர் வீடு வருஷத்துக்கு ஒரு படி வீதம் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் மயிரிழை விரிசல் கிடையாது, கதவு இறுகவில்லை, மேஜைமேல் வைத்த டம்ளரில் தண்ணீர் சாயவில்லை. வாசல்படிகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்குள் மறைந்ததைப் பார்த்துத்தான் விஷயமே வெளியில் தெரிந்தது. தபால்காரர் முதலில் படியேறிப் போய்க் கடிதம் கொடுத்தார், பிறகு தெருவில் நின்றபடி கொடுத்தார், பிறகு குனிந்து கொடுத்தார். அவருக்கு இடுப்புவலி வந்ததுதான் மிச்சம். வீடு இறங்கும்போதெல்லாம் சமையலறை மூலையில் ஈர மணல் ஒரு குவியல் கிடந்தது, சலித்தெடுத்த மாதிரி சுத்தமான ஆற்று மணல். கிணற்றுக்காரரின் மனைவியைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். அண்ணி அதை வாரி வெளியே கொட்டுவார், வீடு கட்டுகிறவர்கள் வந்து அள்ளிப் போவார்கள். ஓசியில் வருகிற மணலை யார் விடுவார்கள்.

கிணற்றுக்காரர் என்றால் தண்ணீருக்குக் கிணறு வெட்டியவர் இல்லை. பாலத்தூண்களுக்கு அடித்தளமாக ஆற்றுக்குள் கிணறு இறக்கியவர். கீழே இரும்பு விளிம்பு வைத்து, அதன்மேல் கான்கிரீட்டில் வட்டச் சுவர் எழுப்பி, உள்ளே ஆள் இறங்கி நாலு பக்கமும் ஒரே அளவாகத் தோண்டி மண்ணை மேலே அனுப்ப வேண்டும். பிடிமானம் போகப்போகச் சுவர் தன் பாரத்தாலேயே கீழே போகும். ஒரு பக்கம் கூடுதலாகத் தோண்டினால் மொத்தமும் சாய்ந்துவிடும். அவர் இறக்கியது எதுவும் சாய்ந்ததில்லை. அவருடைய தம்பி பைல்காரர். பாறை தட்டும்வரை மண்ணில் துளை போட்டு, கம்பியை இறக்கி, கான்கிரீட் ஊற்றி, பைல் என்கிற தூணை நிறுத்துவது அவர் தொழில். "நீ மண்ணைக் குத்திக்கிட்டே இரு. நான் கேட்டா அதுவா வழி விடும்" என்று அண்ணன் சீண்டுவார். "இவ்வளவு பெரிய ஆளு, சொந்த வீட்டுக்கு மட்டும் முழங்கால் ஆழத்துல கல்லு அடுக்கி வெச்சிருக்கீங்களே" என்பார் தம்பி. "என் வீட்டு மேல பஸ்ஸா ஓடப்போகுது?" என்று அண்ணன் கேட்பார், சோறு பரிமாறிக்கொண்டிருக்கும் அண்ணி உட்பட மூன்று பேரும் சிரிப்பார்கள்.

ஊருக்குப் பாலம் வந்தபோது அண்ணன் நடுக்கிணற்றில் வேலை செய்தார், தம்பி மேலே மேற்பார்வை பார்த்தார். ஒரு மத்தியானம் கிணற்றின் அடியிலிருந்து மணல் பொங்கியது. மற்றவர்கள் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள், கடைசியாக ஏற வேண்டிய அண்ணன் ஏறவில்லை. அள்ள அள்ள மணல் திரும்பப் பொங்கியது. இதற்கிடையில் மேற்கே மழை பிடித்து வெள்ளம் வருவதாகத் தகவல் வந்தது. அடியைக் கான்கிரீட்டால் மூடாவிட்டால் கிணறு சாயும், சாய்ந்தால் பாலமே இல்லை. "நீங்க சொன்னா ஊத்தாம நிறுத்திடறேன்" என்றார் என்ஜினியர். பைல்காரர் மணலைப் பார்த்தபடி, "ஊத்துங்க" என்றார். அதை அண்ணியிடமும் அவரே போய்ச் சொன்னார். அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வெள்ளம் வந்து போனது, பாலம் நின்றது, இன்றைக்கும் அதன்மேல் பஸ் ஓடுகிறது.

அதற்கடுத்த வருஷம்தான் வீடு இறங்க ஆரம்பித்தது. நகராட்சி என்ஜினியர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு பக்கம் இறங்கினால் காரணம் சொல்லலாம், நாலு பக்கமும் ஒன்றாக இறங்கினால் என்ன சொல்வது என்று கேட்டுவிட்டுப் போனார். அண்ணனைத்தான் விட்டாச்சு, அண்ணியையாவது காப்பாற்ற வேண்டும் என்று பைல்காரர் கங்கணம் கட்டிக்கொண்டார். முதலில் வீடு முழுவதற்கும் அடியில் ஒரே பலகையாகக் கான்கிரீட் போட்டார். பாரம் பரவினால் எந்த இளகின மண்ணும் தாங்கும் என்பது கணக்கு. வீடு அந்தப் பலகையையும் தூக்கிக்கொண்டு இறங்கியது. பிறகு சுவர் ஓரமாகத் துளை போட்டுப் பாறைவரை பைல் இறக்கி, வீட்டை அதன்மேல் உட்கார வைத்தார். "இனிமே கீழ யாரு தோண்டினாலும் அசையாது அண்ணி" என்றார். ஜன்னல் மட்டத்துக்குத் தெரு வந்திருந்த நிலையில் வீடு நின்றது. மணல் வருவதும் நின்றது.

அன்றிலிருந்து அண்ணிக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. எந்நேரமும் சமையலறைத் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தார். ஒருநாள் பைல்காரரையும் படுக்கச் சொன்னார். கீழே கடப்பாரைச் சத்தம். மூன்று குத்து, ஒரு நிதானம், மறுபடி மூன்று குத்து. அந்த நிதானத்தில் அண்ணன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொள்வார். சின்ன வயசிலிருந்து பார்த்த பழக்கம். பைல்காரர் தரையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"முதல் குவியலைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும் தம்பி. அவருக்கு மேல வர வழியில்ல. அதான் நாலு பக்கமும் சமமாத் தோண்டி வீட்டை அங்க இறக்கிக்கப் பாக்கறாரு. தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதானே."

"அண்ணி, என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"அவரு எங்க பேசறாரு. தோண்டறாரு. இப்ப உன் கான்கிரீட்டைப் போட்டு இடிச்சுக்கிட்டு இருக்காரு. கை ஓஞ்சு போச்சு தம்பி, முன்ன மாதிரி சத்தம் இல்ல. வெட்டி விட்டுடு."

பைல்காரர் மாட்டேன் என்றார். கெஞ்சினார், அழுதார், தன் வீட்டுக்கு வந்து இருக்கும்படி காலைப் பிடித்தார். மழைக்காலம் முடிவதற்குள் மூன்று குத்து இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. அந்த ஒன்றும் எப்போது வருமோ என்று இரண்டு பேரும் தரையில் கிடந்து காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் அவர் எழுந்துபோய் ஆட்களைக் கூட்டி வந்து, தான் இறக்கிய பைல்களின் தலைகளைத் தன் கையாலேயே உளி வைத்து வெட்டினார். சுவருக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, நாலு மூலையையும் ஒரே நேரத்தில் மண்ணில் உட்கார வைத்தார். அண்ணன் பார்த்திருந்தால்கூடக் குறை சொல்லியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு வீடு சும்மா இருக்கவில்லை, மாசத்துக்கு ஒரு முழம் போனது. மின்சாரக்காரர் மீட்டரைக் கழற்றி மேலே மேலே மாட்டினார், கடைசியில் மாட்டச் சுவர் இல்லை. தெருக்காரர்கள் மொட்டைமாடிக் கதவு வழியாக ஏணி வைத்து இறங்கி அண்ணிக்குப் பேச்சுத்துணையாக இருந்தார்கள். அண்ணி குண்டாகியிருந்தார், பாட்டு முணுமுணுத்தார். மாடி தெருவுக்குச் சமமான அன்று பைல்காரரைக் கூப்பிட்டு, மட்டம் பார்க்க அண்ணன் வைத்திருந்த பழைய ரசமட்டத்தை ஏணி வழியாக நீட்டி, "மேல உனக்குத்தான் இது வேணும், எடுத்துக்கோ" என்றார். பிறகு ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டார். சில வாரத்தில் மாடியும் போய், மண் தானாகவே மூடிக்கொண்டது. அந்த இடத்தில் செருப்பில்லாமல் நின்றால் காலுக்குக் குளுமையாக இருக்கும். அதைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

பைல்காரர் குடியிருந்தது பாறையில் ஊன்றிய அடுக்குமாடியில். ஊன்றியவரும் அவர்தான், அதன் அடியில் யார் வந்து தோண்டினாலும் ஒன்றும் ஆகாது. அதை விற்றுவிட்டு, அண்ணி போன இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கட்டிக்கொண்டார். முழங்கால் ஆழத்தில் கல், அவ்வளவுதான். திமிசுக்கட்டையால் மண்ணை இடித்து இறுக்கக்கூட இல்லை. அவர் தலை இப்போது முழுக்க நரைத்துவிட்டது. காலையில் எழுந்ததும் வாசல்படியிலிருந்து தெருவுக்கு ரசமட்டம் பிடித்துப் பார்ப்பார், சமையலறை மூலையையும் குனிந்து பார்ப்பார். ஒரு பொட்டு மணல் இருக்காது, அறை ஒரு நூல்கூட இறங்கியிருக்காது. பால் வாங்கப் போகிறவர்கள், மழை வருமா என்று விசாரிக்கிற மாதிரி, "இறங்குச்சா?" என்று கேட்பார்கள்.

"இன்னும் இல்ல" என்பார். "அண்ணனுக்கு அங்க வேலை இருக்கும்." ரசமட்டத்தை வேட்டி நுனியால் துடைத்து ஜன்னலில் வைத்துவிட்டு, பைல் போடக் கிளம்பிப் போவார்.