இருக்கையின் அகலம்

டிக்கெட் போட மகள் பார்த்து அனுப்பிய நான்காவது விமானத்தையும் தையலக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சலவைக் கடையின் பின்னறையில், வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு யாருடைய கால்சட்டையையோ இடுப்பில் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. முதல் விமானத்துக்குச் சாப்பாடு வாயில் வைக்க விளங்காதாம் என்று சொல்லியிருந்தாள். இரண்டாவது நடுவில் ஓர் ஊரில் இறக்கிவிட்டு அரை நாள் காக்கவைக்கிறது. மூன்றாவதில் போர்வைக்குக்கூடக் காசு கேட்கிறார்கள். நான்காவதற்குச் சொல்லக் கைவசம் எதுவும் மிச்சமில்லை. அதனால் அதன் பெயரே பிடிக்கவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டு, அனுப்பிய கையாலேயே தலையில் குட்டிக்கொண்டாள். பெயர் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளையைத் தட்டிக்கழித்தவர்கள் உண்டு. விமானத்தைத் தட்டிக்கழித்தது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மகள் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். தலைப்பிரசவம். வேலை வெட்டி எதுவும் செய்ய வேண்டாம், அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று வயிறு வெளியே தெரிவதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கம் இருப்பது தையலக்காவும் வேன்காரரும்தான். வேன்காரர் அவளுடைய கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். எந்த விமானமாக இருந்தாலும் ஏறி உட்கார்ந்தால் எல்லாம் ஒன்றுதான், இருப்பதிலேயே மலிவாக எது இருக்கிறதோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடு என்பது அவர் கட்சி. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளைகளைவிட இந்த விமானங்களுக்கு நீ சொல்லும் குறை அதிகமாக இருக்கிறது என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

மகளின் கல்யாணத்துக்குப் போனபோது நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. விமானத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தால் இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நான்கு விரற்கடை தள்ளி நின்றன. மூச்சை இழுத்துப் பிடித்தாள். வயிற்றை எக்கினாள். முனைகள் நகரவில்லை. நீட்டிப்பதற்குத் தனியாக ஒரு துண்டு பெல்ட் உண்டு, கேட்டால் கொடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கமாக வந்த பணிப்பெண் ஊதினால் பறந்துவிடுவாள் போல இருந்தாள். பின்னால் ஆட்கள், பக்கத்தில் ஆட்கள். வாய் வரவில்லை. சால்வையை மடியில் விரித்துப் போட்டு, கட்டாத பெல்ட்டை அதற்கடியில் ஒளித்துவைத்துக்கொண்டு கடலைத் தாண்டினாள். நடுக்கடலில் விமானம் தூக்கிப் போட்டபோது இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். பயத்தைவிட, செத்துப்போனால் பெல்ட் போடாமல் இருந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்பதுதான் அப்போது பெரிதாக இருந்தது. கல்யாணப் படங்களில் எல்லாவற்றிலும் யாராவது ஒருவருக்குப் பின்னால் நிற்கிறாள்.

இத்தனைக்கும் அவள் பிழைப்பே அடுத்தவர் இடுப்பில்தான். மற்ற கடைகளில் டேப்பைச் சுற்றியதும் அளவை உரக்கச் சொல்லுவார்கள், மூலையில் இருப்பவர் எழுதிக்கொள்வார். தையலக்கா எந்த அளவையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்ப்பாள், தானே குறித்துக்கொள்வாள், டேப்பைச் சுருட்டிவிடுவாள். போன வருடம் சேர்ந்த கால்சட்டை இந்த வருடம் சேரவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு வருகிறவர்களிடம், துவைத்ததில் துணி சுருங்கிவிட்டது, அவ்வளவுதான் என்பாள். வந்தவர்கள் நம்புவதில்லை, ஆனால் முகம் தெளிந்துதான் போவார்கள். சலவைக் கடை முதலாளிக்கு மட்டும் இதில் ஒரு வருத்தம். "ஏம்மா, நம்ம கடையிலயே நின்னுக்கிட்டு, துவைச்சா துணி சுருங்கும்னு சொல்றியே, இது அடுக்குமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அவள் மிஷினை மிதித்தாள். ஊருக்கெல்லாம் சொல்லும் அந்தப் பொய்யைத் தனக்குச் சொல்ல ஆளில்லையே என்று நினைத்தபோது கண் கரித்தது.

சாப்பாட்டு இடைவேளைகளில் போனில் தேடினாள். பயணம் போய் வந்தவர்கள் எழுதியிருந்ததையெல்லாம் படித்தாள். நெட்டையானவர்களுக்கு உலகத்தில் ஆதரவு அதிகம். முழங்கால் இடிக்கிறது, காலை நீட்ட இடமில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள், பதிலுக்கு எல்லோரும் அனுதாபப்பட்டிருந்தார்கள். அகலத்தைப் பற்றி எழுதியவர்கள் யாருக்கோ கேட்பது போலக் கேட்டிருந்தார்கள்: என் உறவினர் ஒருவர் கொஞ்சம் பருமன், அவருக்காக. தையலக்காவுக்கு அந்த உறவினரை நன்றாகத் தெரியும். படித்துப் படித்துக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மலிவு என்றும் சொல்ல முடியாது, விலை அதிகம் என்றும் சொல்ல முடியாது. இருக்கை மற்றவற்றைவிட ஒரு விரல் அகலம் கூட. முக்கியமாக, ஜன்னலோரம் இரண்டிரண்டு இருக்கைகள். பக்கத்தில் வேன்காரர் மட்டும்தான் இருப்பார், வேற்று ஆள் யாரும் விலாவில் இடித்துக்கொண்டு பெருமூச்சு விட வேண்டியதில்லை. பெல்ட்டின் நீளத்தை மட்டும் யாரும் எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்த விமான நிறுவனத்துக்கே போன் போட்டாள். ஓர் ஆண்குரல் எடுத்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டதும், மூட்டுவலித் தைலம் கையில் கொண்டுவரலாமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் அதைச் சொல்லுவதற்கு முன்பே மகள் கூப்பிட்டாள். குரலில் சிடுசிடுப்பு இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அது இல்லை.

"அம்மா, உனக்கு வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடு. நான் வேற ஆள் பாத்துக்கறேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் தேடாத."

அப்போதாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம். பெற்ற பெண்தானே. பெல்ட் எட்டவில்லை, இரண்டே சொல். ஆனால் அந்த இரண்டு சொல்லை விட்டுவிட்டு முழங்கால் வலி என்றாள். வெகுநேரம் மடக்கி வைத்திருக்க முடியவில்லை, அதனால்தான் பார்த்துப் பார்த்துத் தேடினேன் என்று சொல்லி, தான் கண்டுபிடித்த விமானத்தின் பெயரையும் சொன்னாள். மகள் உருகிப்போனாள். இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன என்று அழுதாள். அன்றே டிக்கெட் போட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். காலை நீட்டிக்கொள்ள வசதியாக, மேலே பணம் கட்டி, தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முன்வரிசையையே எடுத்திருப்பதாகச் சொன்னாள். வலிக்காத முழங்காலைத் தடவிக்கொண்டே தையலக்கா சரி சரி என்றாள். இப்படி ஒரு பொய்க்கு இப்படி ஒரு பாசம் கிடைத்தது அவளைக் கூசவைத்தது.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. கேட்பதற்குத்தானே வாய் வரவில்லை, கையில் தொழில் இருக்கிறதே. விமான பெல்ட்டில் மாட்டுகிற கொக்கியை இணையத்தில் வாங்கினாள். பெட்டி கட்டும் தடித்த நாடாவை எடுத்துக்கொண்டாள். முதலாளி சாப்பிடப் போயிருந்த மதியத்தில் பின்னறைக் கதவைத் தாழிட்டு, எத்தனையோ வருடத்தில் முதல்முறையாகத் தன் இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். அளவைக் குறித்துக்கொள்ளவில்லை. குறிக்காமலே மறக்காது என்று பார்த்ததுமே தெரிந்தது. கனமான ஊசி போட்டு, நாடாவை மடித்து, சதுரமாக ஒரு தையல், அதற்குள் குறுக்காக இரண்டு தையல் ஓட்டினாள். இழுத்துப் பார்த்தாள். யானையைக் கட்டினாலும் அறாது என்று தோன்றிய மாத்திரத்தில் அந்த வார்த்தை அவளையே திரும்பிக் கடித்தது. நூலை வெட்டி, நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

விமானத்தில் முன்வரிசையைப் பார்த்ததும் அவள் கண் கைப்பிடிகளுக்குத்தான் போனது. சாப்பாட்டுப் பலகையை மடித்து வைப்பதற்காக அந்த வரிசையில் மட்டும் கைப்பிடிகள் பெட்டி போலக் கனத்து, கீழ்வரைக்கும் அடைத்துக்கொண்டு நின்றன. தூக்கவும் முடியாது. தேடித் தேடிச் சேர்த்த ஒரு விரல் அகலத்தை அந்தக் கைப்பிடிகள் விழுங்கிவிட்டு, கூடவே ஒரு விரலை எடுத்துக்கொண்டிருந்தன. எதிரே காலுக்கு முன்னால் இன்னொரு ஆள் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு இடம். அவள் பக்கவாட்டில் திரும்பி, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி உட்கார்ந்தாள். வேன்காரர் மேலே பையை வைக்கிற சாக்கில் நேரம் கடத்தினார். அவர் உட்காருவதற்குள் சால்வைக்கு அடியில் நாடாவை மாட்டினாள். இரண்டு பக்கமும் டிக் டிக் என்று பூட்டிக்கொண்டன. அந்த ஒரு கணம் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

இந்த விமானத்தின் பணிப்பெண்ணுக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். மடி மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு முழங்காலிட்டு, அவள் காதருகே வந்து, சால்வையைக் கொஞ்சம் விலக்க முடியுமா என்று கேட்டாள். நாடாவைப் பார்த்தாள். விரலால் அந்தத் தையலைத் தடவிப் பார்த்தாள். இது எங்களுடையது இல்லையே, வெளியிலிருந்து கொண்டுவந்ததை மாட்ட அனுமதியில்லை, கழற்றிவிடுங்கள், எங்களிடமே இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்று மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் முழங்காலிட்ட ஆளைப் பார்த்து இடைவழியில் வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பெட்டியும் கையுமாக ஒரு வரிசையே நின்று, தையலக்கா தன் பெல்ட்டைத் தானே கழற்றுவதைப் பார்த்தது. அவள் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. பணிப்பெண் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

மடியில் சுருண்டு கிடந்த நாடாவை வேன்காரர் பார்த்தார். இது என்ன என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"போன தடவையே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சால்வைக்கு அடியில நீ பெல்ட் போடலன்னு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுமா பேசாம வந்தீங்க?"

அவர் தொண்டையைச் செருமினார். "கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. சுத்தி அத்தனை பேரு."

"ஸ்கூல் பிள்ளைங்க பெல்ட்டை ஒண்ணொண்ணா இழுத்துப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுப்பீங்க."

"ஆமா," என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருடம் அந்த வெட்கத்தைத் தனியாகச் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். தனியாக இருந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. இப்போது தெரிகிறது, பக்கத்து இருக்கையில் இன்னொருவர் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். தன் உடம்பைப் பார்த்துத் தான் வெட்கப்படலாம். அவர் வெட்கப்பட்டது பொறுக்க முடியாததாக இருந்தது. நடுக்கடலில் விமானம் ஆடியபோது இந்த மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டு சும்மா இருந்திருக்கிறார். அதை நினைக்கும்போதே, பெற்ற பெண்ணிடம் முழங்கால் வலி என்று சொன்னவள் இவரை மட்டும் எந்த வாயால் கேட்பது என்றும் தோன்றியது. கோபம் முழுசாக வந்திருந்தால் தேவலை. அது பாதியிலேயே திரும்பி அவள்மீது விழுந்தது.

பணிப்பெண்ணை இன்னும் காணவில்லை. கைப்பிடி இரண்டு பக்கமும் சதையை அழுத்திக்கொண்டிருந்தது. வேன்காரர் அந்தக் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தார். அசைத்துப் பார்த்தார். பிறகு தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

"கைப்பிடி தூக்குற மாதிரி சீட் பின்னாடி இருக்கும். கேட்டுட்டு வரேன்."

"வேணாம். உக்காருங்க."

"கேட்டுட்டு வரேன்," என்றார் மறுபடியும், அவளைப் பார்க்காமல்.

தடுப்பதற்குள் போய்விட்டார். போக விட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே தோன்றியது. பணிப்பெண் பேசும் மொழி அவருக்குச் சரளமாக வராது, பாதியைக் கையால்தான் பேசுவார். இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுத் திரும்பினாள். முன்வரிசையில் இருந்ததால் விமானம் முழுவதும் முகங்களாகத் தெரிந்தது. நீண்ட இடைவழியின் கடைசியில், திரைக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். பணிப்பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை போல, தலையைச் சாய்த்தாள். அவர் முன்வரிசையைச் சுட்டிக்காட்டினார். பக்கத்திலிருந்தவர்கள் அவர் விரல் காட்டிய திசையில் திரும்பினார்கள். அவர் இரண்டு கைகளையும் தூக்கி, காற்றில் அகட்டி, இவ்வளவு என்று காட்டினார்.

தையலக்காவுக்கு எத்தனை தூரத்திலிருந்தும் கண்ணாலேயே அளவு தெரியும். அவர் காட்டியது அவள் அகலத்தைவிடக் குறைவு. பணிப்பெண் மறுபடி ஏதோ கேட்டாள். அவர் ஒருமுறை முன்வரிசைப் பக்கம் பார்த்துவிட்டு, கைகளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், கொஞ்சமும் அகட்டாமல்.