வெளிப்பக்கம் இரண்டு மீட்டர்

1

இந்தக் கதை முதலில் ஓர் அறிக்கையாக இருந்தது. எழுபத்திரண்டு பக்கம், அதில் நாற்பது பக்கம் அட்டவணை. "திருவண்ணாமலை நகரம்: 2001 வரைக்குமான மிதிவண்டிப் பாதைகள்" என்று அட்டையில் தட்டச்சு செய்திருந்தோம். பாதி நான் எழுதியது. அதில் மிதிவண்டிகள் இருந்தன, சாலைகள் இருந்தன, மண்ணின் தன்மைகூட இருந்தது. ஆட்கள் இல்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானாகவே எடுத்துவிட்டேன்.

இப்போது 1988. அதையே கதையாக எழுதப் பார்க்கிறேன். அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நீங்களும் தேட வேண்டாம், நான் கற்பனையில் கட்டிய அலுவலகம்தான்.

தொடக்கத்தை இரண்டு முறை எழுதினேன். முதலாவது:

"அண்ணாமலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சாலை. அதன் இருமருங்கிலும் —"

இது பேருந்து நிலையத்தில் விற்கிற வழிகாட்டிப் புத்தகம். அடித்துவிட்டேன். இரண்டாவது:

"1981 தை மாதத்தில் ஒரு நாள் காலை, வரைவாளர் சகாதேவன் ஒரு மடக்கு நாற்காலியுடன் அடி அண்ணாமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கினார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் இறங்குவதற்கு முன் கொஞ்சம் விளக்கம் பாக்கி இருக்கிறது.

2

சகாதேவனுக்கு வயது இருபத்தொன்பது. மாயவரத்துக்காரர், வேலைக்காகத் திருவண்ணாமலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அடர்த்தியான மீசை. (மீசை என்னுடையது அல்ல. மற்றதெல்லாம் என்னுடையது. நானே கதைக்குள் நடமாடினால் எனக்கு நானே சலுகை காட்டிக்கொள்வேன் என்று பயந்து, அவருக்கு வேறு பெயரும் மீசையும் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பார்ப்போம்.)

அவருக்கு மேலே பரசுராமன், திட்ட அதிகாரி, மதுரைப் பக்கம். அப்போது ஊரில் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சைக்கிள்களை எண்ண ஆள் போட வேண்டும். இருந்தும் சாலை போடுகிற எல்லாரும் காரையும் லாரியையுமே நினைத்துப் போட்டார்கள். பரசுராமன் மட்டும் சைக்கிளை நினைத்தார். ஊரைவிட்டு வெளியே போகிற ஐந்து சாலைகளிலும் சைக்கிளுக்கென்று இரண்டு மீட்டர் தனிப்பாதை. ஐந்தையும் இணைத்து, பக்கத்துக் கிராமமான வேங்கிக்கால் வரைக்கும் ஒரு கிளை. மலையைச் சுற்றி ஒரு முழு வளையம். நிழலுக்குப் புங்க மரம். எல்லாம் இருபது வருடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. நல்ல யோசனை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எந்தச் சாலைக்கு என்ன தேவை என்று சொன்னவர் பக்ருதீன். தேரடித் தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். இருபத்திரண்டு வண்டி, பின் மட்கார்டில் வெள்ளை எண். அவருக்குப் பஞ்சர்தான் ஆதாரம்.

"போளூர் ரோடுன்னா லாடத்து ஆணி சார், மாட்டு வண்டி ஜாஸ்தி. செங்கம் ரோடு கண்ணாடித் துண்டு. மலை சுத்தற ரோடு முழுக்க வேலிகாத்தான் முள்ளு. டியூப தண்ணில முக்கறதுக்கு முன்னாடியே எங்க போய்ட்டு வந்தான்னு சொல்லிடுவேன்."

சகாதேவன் அதை அட்டவணையாகப் போட்டார். அறிக்கையில் பதினேழாம் பக்கம்.*

* அங்கே பக்ருதீன் பெயர் கிடையாது. "உள்ளூர் விசாரணையில் தெரியவந்தது" என்று இருக்கிறது.

3

இனி அவர் பஸ்ஸைவிட்டு இறங்கலாம்.

அடி அண்ணாமலை, மலை சுற்றும் சாலையில் இருக்கிற கிராமம். அங்கே பதினோரு நாள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, போகிற வருகிறவர்களை எண்ண வேண்டும். நடுவில் ஒரு பௌர்ணமியும் வரும்படி தேதி குறித்திருந்தார்கள். படிவத்தில் இரண்டு பத்தி: சாலையின் மலைப் பக்கம், வெளிப்பக்கம். நடப்பவர், சைக்கிள், வண்டி. நான்கு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒன்று.

உட்கார இடம் கொடுத்தவர் ராஜம்மாள். நாற்பது வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு, சாலையின் வெளிப்பக்கம் இருந்த வீட்டின் முன்பாதியை இட்லிக் கடையாக்கியிருந்தார். சாலை அங்கே குறுகுவதால் வாசல் சாலையை ஒட்டியே இருந்தது. மகள் வேதா ஒன்பதாம் வகுப்பு. அந்த ஊரிலிருந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற ஒரே பெண்.

"இன்னா சார் எண்ணிக்கினு இருக்கீங்க?" முதல் நாளே கேட்டார்.

"சைக்கிள் எத்தனை போகுதுன்னு. சைக்கிளுக்குத் தனியா பாதை போடப் போறாங்க."

"எப்போ?"

"இருபது வருஷத் திட்டம்மா."

"அதுக்குள்ள என் பொண்ணு கிழவி ஆய்டும். கல்லு லாரி வந்தா எறங்கி நின்னு எறங்கி நின்னு போவுது சார். போன மாசம் பள்ளத்துல வுழுந்து முட்டிய பேத்துக்கிச்சு. எங்க ரோட்ட மொதல்ல போடச் சொல்லுங்க. எங்க கையெழுத்து போடணுமோ போடறேன்."

பாதை வேண்டும் என்று ஊரில் வாங்கிய மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. பதினோரு நாளும் சகாதேவனுக்குக் காலையும் மதியமும் அங்கேதான் சாப்பாடு.

எண்ணி முடித்த அட்டவணையைப் பார்த்துப் பரசுராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலைப் பக்கப் பத்தி கிட்டத்தட்ட காலி. பௌர்ணமியன்று நூற்றுக்கணக்கில் ஜனம் நடந்தபோதும் எல்லாரும் வெளிப்பக்கமாகவே போயிருந்தார்கள். மலைப் பக்கம் வீடோ கடையோ இல்லை.

"கடவுளாப் பாத்து விட்டு வெச்ச எடம்யா இது," என்றார். "அந்தப் பக்கமே போட்டுடு."

சகாதேவன் மலைப் பக்கமாகப் பச்சை மையில் கோடு இழுத்தார். வரைபடத்தை அறுபது நாள் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டினார்கள். ராஜம்மாளும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

(உள்ளூர் வாசகர் இந்நேரம் சிரித்திருப்பார். வெளியூர் வாசகர் அடுத்த பகுதிக்கு வரட்டும்.)

4

நாற்பத்தொரு ஆட்சேபணை வந்தது. நாற்பத்தொன்றும் ஒரே ஆட்சேபணை. விசாரணைக் கூட்டத்தில் அடி அண்ணாமலை விவசாயி அப்பாசாமி எழுந்து நின்றார்.

"மலைப் பக்கம் சித்தருங்க நடக்கற வழி சார். அதுக்குத்தான் ஜனங்க இடது கைப் பக்கமா ஒதுங்கிப் போறோம். இன்னிக்கி நேத்தா போறோம்? அங்க போயி சைக்கிள் வுடணும்ன்றீங்களே, நீங்க பெல்லடிச்சா சித்தருங்க ஒதுங்கணுமா?"

கூட்டம் சிரித்தது. பரசுராமனுக்கு வேர்த்துவிட்டது. மதுரையும் மாயவரமும் சேர்ந்து பதினோரு நாள் எண்ணி, கண்ணுக்குத் தெரிந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தன. காலி என்று நாங்கள் எழுதிய பத்தி, ஊரைப் பொறுத்தவரை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே சகாதேவன் தேரடித் தெருவுக்குப் போனார்.

"பாய், இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா?" என்றார் பக்ருதீன். "வண்டி எடுக்கற வெளியூர்க்காரங்களுக்கெல்லாம் நான்தானே சொல்லி அனுப்பறேன், மலைப் பக்கம் ஏத்தாதீங்கன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கோயிலுக்குப் போறவங்க. நான் வந்து உங்களுக்குச் சொல்றதா சார்?"

5

சித்தர்களை நகர்த்த முடியாது. ஆகவே கோடு நகர்ந்தது, வெளிப்பக்கத்துக்கு. பதினான்கு கிலோமீட்டரில் பெரும்பகுதி அங்கேயும் வெறும் நிலம்தான். இடித்தது ஒரே இடத்தில். அடி அண்ணாமலையில் சாலை குறுகுகிற இடத்தில் வெளிப்பக்கம் இரண்டு மீட்டர் என்றால் அது ராஜம்மாளின் அடுப்பு, இரண்டு பெஞ்சு, வாசல்கால். பின்னால் மிஞ்சுவது தாயும் மகளும் படுக்கிற அறை மட்டும். கடை இருக்காது. கடை இல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

இங்கே ஒரு கதாபாத்திரத்தின்மீது எனக்குச் சந்தேகம். பரசுராமனைக் கெட்டவராக எழுதினால் என் வேலை சுலபம். மூன்று வரைவுகளில் அப்படித்தான் எழுதினேன். ஒன்றில் அவருக்குப் பொடி போடுகிற பழக்கமும் உண்டு. ஆனால் நடந்த பேச்சு இது.

"கோடு மாறினா திரும்ப ஒட்டணும் சார்," என்றார் சகாதேவன். "அந்தம்மா மலைப் பக்கம்னு பாத்துட்டுப் போனவங்க. அவங்களுக்குத் தெரியாது."

"திருத்தம்தானேய்யா. திரும்ப ஒட்டினா திரும்ப ஆட்சேபணை வரும், ஒரு வருஷம் போயிடும், திட்டமே செத்துடும். ஒரு கடைக்காக அஞ்சு ரோட்டையும் விட்டுடச் சொல்றியா?" பிறகு குரலைத் தணித்தார். "வேணும்னா நீ போய் அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. அவங்க ஆட்சேபணை குடுத்தா நான் வாங்கிக்கறேன். வியாழக்கிழமை எனக்குப் படம் வேணும்."

அவர் இதைச் சொன்னது திங்கட்கிழமை. அடி அண்ணாமலைக்குச் சைக்கிளில் அரைமணி நேரம். செவ்வாய் இருந்தது, புதன் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் சகாதேவன் டிரேசிங் தாளை விரித்து, நான்கு மூலையிலும் பின் குத்தி, பேனாவில் பச்சை மை நிரப்பி, அடி அண்ணாமலைக்கு அருகே வந்ததும் —

முடியவில்லை. இந்த வாக்கியத்தில் மீசைக்காரரை உட்கார வைக்க முடியவில்லை. நான் போட்டேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். மை சிந்தவில்லை, நல்ல கோடு. முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஏன் போய்ச் சொல்லவில்லை? போனால் முதலில் தட்டில் இட்லி வைப்பார். அதைச் சாப்பிட்டுவிட்டு எப்படிச் சொல்வது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும்.

6

1985-இல் அந்தக் கோட்டைப் பார்த்துக் கடையின் முன்பக்கத்தை இடித்தார்கள். சைக்கிள் பாதை வரவில்லை. அந்த இரண்டு மீட்டரும் சாலையோடு சேர்ந்துகொண்டது. இப்போது கல்லு லாரி அங்கே வேகம் குறைப்பதில்லை. மற்ற ஐந்து சாலைகளிலும் ஒன்றும் நடக்கவில்லை. பரசுராமன் அதற்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார்.

இடிப்பதற்கு முன், நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில் வேதா அலுவலகத்துக்கு வந்தாள். சைக்கிளில்தான். பதினெட்டு வயது ஆகியிருந்தது.

"சார், என்னை ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"கோடு மலைப் பக்கம் இருந்துச்சே, அது எப்போ சார் இந்தப் பக்கம் வந்துச்சு?"

"எண்பத்திரண்டுல."

"அம்மா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. யாரு போட்டதுன்னு கேக்கச் சொல்லல. பதினோரு நாளு நம்ம கடையில சாப்ட்டாரே, ஒரு வார்த்த வந்து சொல்லக் கூடாதான்னு கேட்டுட்டு வான்னாங்க."

"மேலிடத்து உத்தரவும்மா," என்றேன்.

அவள் உடனே போகவில்லை. "அப்படியே போய்ச் சொல்லிடட்டுமா சார்?" என்று கேட்டாள். சரி என்று தலையாட்டினேன்.

மேலிடம் என்னைப் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொல்லியிருந்தது. உங்களுக்குத் தெரியும், ஐந்தாம் பகுதியைப் படித்திருக்கிறீர்கள். அவளுக்குத் தெரியாது. இதை எழுதும்போது எனக்கு முகம் சுடுகிறது.

7

முடிவு. இங்கே ராஜம்மாள் பேச வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ நான் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

[அடித்தது] "என் பொண்ணு போற பாதைக்குத்தானே சார், எடுத்துக்கங்க." — இதைப் படித்த நண்பர் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதனாலேயே அடித்தேன்.

[அடித்தது] "சித்தருங்களுக்கு ஒதுங்கத் தெரியுது, எனக்கு ஒதுங்கத் தெரியலயா?" — இது நான் சொல்ல ஆசைப்படுவது. அவர் வாயில் வைத்திருக்கிறேன்.

[அடித்தது] "மொதல்ல சாப்புடுங்க சார், அப்பறம் பேசிக்கலாம்." — இது எனக்கு வேண்டிய மன்னிப்பு.

ராஜம்மாள் நன்றாகத்தான் இருக்கிறார். ரமணாசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு மெஸ்ஸில் சமையல் செய்கிறார். இன்னொருவர் அடுப்பு, இன்னொருவர் கடை. வேதா செங்கத்தில் வேலை பார்க்கிறாள். என் வீட்டிலிருந்து மெஸ் இரண்டு கிலோமீட்டர். போய்க் கேட்டால் சொல்லிவிடுவார். மூடி மறைத்துப் பேசுகிறவர் இல்லை. போகாமல், இரண்டு வாரமாக இந்த மேசையில் உட்கார்ந்து, அவர் என்ன சொல்வார் என்று நானே எழுதி நானே அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே அவருடைய வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

ராஜம்மாள்:

[                              ]

அச்சுக் கோக்கிறவர் இதைப் பிழை என்று நினைத்து இழுத்து மூடிவிட வேண்டாம். வாசகரே, நீங்களும் இதை நிரப்பாதீர்கள். நல்ல வரியாகவே நிரப்புவீர்கள் என்று தெரியும். ஆனால் அவரை இன்னும் யாரும் கேட்கவில்லை.