ஒரே பேர்க்காரர்கள்

மாஹுல் ரோட்டில் இருந்த பாய்லர் கம்பெனிக்குப் புதிதாக வந்த டைம்கீப்பர், முதல் நாள் காலையிலேயே சந்தியாகுவைப் பெண்ணாக்கிவிட்டான். கேட்டில் நின்று ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தவன், இந்த அட்டையில் தடுக்கி, "சந்த்யா... யாகு" என்று இரண்டாகப் பிய்த்து வாசித்தான். பிறகு தலையைத் தூக்கி, "யே சந்த்யா கோன் ஹை?" என்று கேட்டான். வரிசையிலிருந்து மீசையும் தோளுமாக ஆறடி உயரத்தில் ஒருவன் முன்னால் வந்தான். கேட் வாசலே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அன்றோடு போகவில்லை. மராத்திக்காரப் பையன்கள் "சந்த்யாதாயி" என்று அக்காள் முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கேன்டீனில் யாரோ வளையல் வேண்டுமா என்று கேட்டான். சந்தியாகு கலாசிகளுக்கு முகாதம். கிரேன் தொட முடியாத மூலைக்கெல்லாம் டன் கணக்கில் இரும்பை உருட்டியும் தூக்கியும் கொண்டு சேர்க்கிற கூட்டத்துக்குத் தலைவன். அவன் கையை உயர்த்தினால் கிரேன் நிற்கும், விரலை அசைத்தால் இறங்கும். அப்பேர்ப்பட்டவன் பேரைச் சொன்னால் மட்டும் பல்லிளிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பான். தாராவிக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் அது நெஞ்சுக்குள் கசக்கும்.

அது எண்பத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலம். வீட்டில் அன்னமேரி நிறைமாதமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கியதும் அவள் திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க் கோயிலில் குதிரைமேல் இருக்கிற சந்தியாகப்பருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, ஆணாகவும் இருந்தால் உம் பேரையே வைக்கிறேன் என்று நேர்ச்சை. புருஷனுக்கும் அதே பேர்தான் என்பது அவளுக்குத் தெரியாததா என்ன. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாய் உச்சரித்ததில்லை. கோயிலில் வேண்டும்போதுகூட "குதிரைக்கார ஐயா" என்றுதான் சொல்வாள்.

சந்தியாகு ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்தப் பேரு என்னோடயே போவட்டும்ளா. பிள்ளைக்கு சுனில்னு வைப்போம். எவனும் சிரிக்க மாட்டான்."

"அப்ப நேர்ச்ச?"

"அவருக்கு வேற ஏதாவது செய்வோம். மெழுகுதிரி ஏத்துவோம், பெரிசா."

அன்னமேரி குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரிசைக்குப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவன் சமாளித்திருப்பான். பேசாமல் போனதுதான் அவனை வருத்தியது.

அந்த வாரத்தில்தான் பெரிய பாய்லர் டிரம்மை ஏற்றுகிற வேலை வந்தது. கம்பெனி அதுவரை செய்ததிலேயே பெரியது அதுதான். ஒரு லாரி நீளம் இருக்கும் அந்த உருளையைக் கிரேனில் தூக்கி, இரண்டு இரும்புத் தொட்டில்கள்மேல் துல்லியமாக உட்கார வைக்க வேண்டும். மேலே கிரேன் கூண்டில் இருந்தவர் ஜேக்கப் பேசர்கர், தானாவிலிருந்து வருகிற யூதர். அவருடைய ஆட்கள் கொங்கண் கரையில் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஆட்டினவர்கள். வீட்டில் மராத்திதான் பேசுவார். கீழே தொட்டிலருகே வெல்டர் யாகூப் பாய் நின்றார். மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் சந்தியாகுவின் சந்துக்கு அடுத்த சந்தில் குடியிருப்பவர். எல்லோருக்கும் பொறுப்பு, கோவாக்கார ஃபோர்மேன் தியாகோ பெர்னாண்டஸ். சந்தியாகு நடுவில் நின்றுகொண்டு கைஜாடை காட்டினான்.

வெளியே அடைமழை. கொட்டகைக் கூரை ஒழுகி, டிரம்மைச் சுற்றியிருந்த கம்பிவடமெல்லாம் ஈரம். தொட்டிலுக்கு ஒரு கை உயரத்தில் டிரம் வந்தபோது யாகூப் பாய் அடியில் இருந்த தகடு ஒன்று கோணலாகக் கிடப்பதைப் பார்த்துக் கையை உள்ளே விட்டார். அதே நேரத்தில் ஒரு பக்கத்து வடம் வழுக்கியது. டிரம் தலையைச் சாய்த்தது. சுற்றி நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். யாகூப் பாயால் ஓட முடியவில்லை. அவருடைய சட்டைக்கை தகட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

சந்தியாகு ஓடவில்லை. ஒரு கையை மேலே தூக்கி முஷ்டியை இறுக்கினான். நிறுத்து என்று ஜாடை. கூண்டிலிருந்து பேசர்கருக்கு டிரம்முக்கு அந்தப்புறம் என்ன நடக்கிறது என்று தெரியாது. அந்த முஷ்டி ஒன்றுதான் தெரிந்தது. பயந்து போய் அவர் டிரம்மைச் சட்டென்று இறக்கியிருக்கலாம், மேலே இழுத்திருக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் யாகூப் பாயின் கை போயிருக்கும். அவர் லீவரை அப்படியே பிடித்துக்கொண்டு சந்தியாகுவின் முஷ்டியைப் பார்த்தபடி இருந்தார். சந்தியாகு தூக்கிய கையைத் தாழ்த்தாமலே, காலால் ஒரு மரக்கட்டையை உருட்டி டிரம்முக்கு அடியில் தள்ளினான். தோளைக் கொடுத்துக் கட்டையை நெம்பி நிறுத்தினான். பிறகு யாகூப் பாயின் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. சட்டை கிழிந்தது, கை வந்துவிட்டது.

அப்புறம்தான் அவன் விரலை அசைத்தான். டிரம் மெல்ல நிமிர்ந்தது. வடத்தை மாற்றிக் கட்டி, சாயங்காலத்துக்குள் அதைத் தொட்டிலில் உட்கார்த்திவிட்டார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு மேனேஜர் மழையில் நனைந்துகொண்டே கொட்டகைக்கு வந்தார். அந்த ஆளின் பேர் என்ன என்று கேட்டார். டைம்கீப்பர் முந்திக்கொண்டு, "சந்த்யா, சார்" என்றான். பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். மேனேஜரும் புரியாமல் புன்னகைத்தார். சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டான். தோளில் தோல் உரிந்து எரிந்துகொண்டிருந்தது. அதைவிட இது அதிகமாக எரிந்தது.

தியாகோ சிரிக்கவில்லை. வாயிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு முன்னால் வந்தார். அவருக்கு இந்தியில் பேசினால் பாதி கொங்கணி கலந்துவிடும். அன்றைக்கு நிறுத்தி நிதானமாகப் பேசினார். இந்தப் பேர் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது, எங்கள் கோவாவுக்கும் வந்தது, இவனுடைய கடற்கரைக்கும் வந்தது என்றார். சாந்த் என்றால் புனிதர். சாந்த் தியாகோ என்பது சேர்ந்து சாந்தியாகோ ஆயிற்று, தமிழ்நாட்டில் சந்தியாகு ஆயிற்று. ஏசுவின் முதல் சீடர்களில் ஒருவருடைய பேர்.

"மேரா நாம் ஆதா ஹை. இஸ்கா பூரா," என்றார். தன்னுடையது பாதிப் பேர்தான், முழுப் பேர் இவனுக்குத்தான் என்று டைம்கீப்பரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னார்.

கிரேன் கூண்டிலிருந்து இறங்கி வந்திருந்த பேசர்கர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தச் சீடரைத்தானே இங்கிலீஷில் ஜேம்ஸ் என்கிறார்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார் தியாகோ. அப்படியானால் அந்தச் சீடரும் யூதர்தானே, அவருடைய அப்பா அம்மா அவருக்கு வைத்த பேர் யாகோவ் என்று பேசர்கர் சொன்னார். ஈசாக்கின் மகன் யாகோவ், பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர், ராத்திரி முழுக்கத் தேவதூதரோடு மல்லுக்கட்டியவர். கம்பெனிச் சீட்டில் ஜேக்கப் என்று இருந்தாலும், வீட்டில் தன்னைக் கூப்பிடுவது யாகோவ் என்றுதான். அப்படிச் சொல்லிவிட்டு, தானே அதை அப்போதுதான் புரிந்துகொண்டவர்போல் சந்தியாகுவைப் பார்த்தார்.

யாகூப் பாய் கிழிந்த சட்டைக்கையோடு ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"யூசுப் நபியோட வாப்பா பேருல்லா அது. யாகூப் நபி," என்றார் மெதுவாக. "ஏன்வே சந்தியாகு, அப்பம் எம் பேர வச்சிக்கிட்டா இத்தன நாளா முழிச்சிட்டிருந்தீரு?"

இந்தத் தடவையும் எல்லோரும் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு. மேனேஜர் அவனுடைய பேரைக் கேட்டு, திருத்தமாகச் சொல்லிப் பார்த்து, கைகொடுத்துவிட்டுப் போனார்.

சந்தியாகுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தவரை அது அவனுடைய தாத்தாவின் பேர், ஊரில் நாலு பேருக்கு இருக்கிற பேர். அவ்வளவுதான். அதற்கு இத்தனை வயசு, இத்தனை நாடு, இத்தனை சொந்தம் இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. கீழே ஒருவன், மேலே ஒருவன், கை மாட்டிக்கொண்ட ஒருவன், விரல் நீட்டி அதட்டிய ஒருவன். நாலு பேரும் ஒரே பேர்க்காரர்கள். அன்று பஸ்ஸில் கசப்பு வரவில்லை. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது, அவன் முகத்தைத் திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அன்னமேரியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் தோளுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன், தனக்கு ஒரு யோசனை தோன்றுவதாகச் சொன்னான். பிள்ளைக்கு ஜேம்ஸ் என்று வைக்கலாம். ஜேக்கப் என்றும் வைக்கலாம். எல்லாம் ஒரே சாமிதானே, நேர்ச்சையும் தீரும், அவளும் சங்கடமில்லாமல் வாய்விட்டுக் கூப்பிடலாம்.

அன்னமேரி மஞ்சள் கையை முந்தானையில் துடைத்தாள்.

"நான் நேந்தது குதிரைக்கார ஐயாவுக்கு. ஜேம்ஸ யாருன்னே எனக்குத் தெரியாது."

"எப்பிடிளா கூப்பிடுவ?"

"கூப்பிடத் தெரியும் எனக்கு. நீங்க குனியாம நில்லுங்க, அது போதும்."

ஆகஸ்டில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. எடை போட்ட நர்ஸ் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போட்டாளாம். ஞானஸ்நானத்துக்குத் தாராவிக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடாயிற்று. ஞானத்தகப்பனாக நிற்க தியாகோ கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். யாகூப் பாய் குடும்பத்தோடு வந்து கடைசி வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்தார். பேசர்கர் தானாவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வந்து, அவருக்குப் பக்கத்தில் தன் தொப்பியோடு உட்கார்ந்தார். கோயிலுக்கு வந்த கிழவிகள் இருவரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

சாமியார் தொட்டியருகே வந்து, இந்தக் குழந்தைக்கு என்ன பேர் வைக்கிறீர்கள் என்று கேட்டார். வழக்கமாகத் தகப்பன்தான் சொல்வான். சந்தியாகு வாயைத் திறந்தான்.

"சந்தியாகு," என்றாள் அன்னமேரி.

கணீரென்று சொன்னாள். கோயில் கூரையில் பட்டுத் திரும்பியது. பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, தன்னுடைய பேரைத் தன் பெண்டாட்டியின் குரலில் அவன் அப்போதுதான் கேட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காதோரம் சிவந்திருந்தது. சாமியார் பேரைத் திருப்பிச் சொல்லித் தண்ணீரை ஊற்றினார். பிள்ளை வீரிட்டது.

வெளியே வந்தால் முழங்கால் அளவு தண்ணீர். பிள்ளையைத் தியாகோவின் கோட்டுக்குள் வைத்து யாகூப் பாய் தூக்கிக்கொண்டார். பேசர்கர் குடை பிடித்தார். சந்தியாகு அன்னமேரியின் கையைப் பிடித்து முன்னால் நடந்தான். சந்து முழுக்க வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். என்ன பேர் வைத்தீர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள்.

"எம் பேருதான்," என்றார் யாகூப் பாய்.

பேசர்கர் குடைக்குள்ளிருந்து தலையை நீட்டி, இல்லை, என்னுடையது என்று மராத்தியில் சொன்னார். தியாகோ பின்னாலிருந்து, அதில் பாதி தன்னுடையது என்றார். கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் சந்தியாகுவைப் பார்த்தார்கள். அவன் தண்ணீருக்குள் நின்றபடியே ஒவ்வொருவருக்கும் நீளமாக விளக்கம் சொல்லத் தொடங்கினான். பிள்ளை நனைகிறது என்று அன்னமேரி அவன் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.