ஆறு ஜோடி ஷூ

மருமகன் வளவனின் காரியம் முடிந்த மறுநாள் காலை, தனகோட்டி மொபெட்டில் ஒரு சாக்கு மூட்டையோடு தன் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து இறங்கினார். மகள் மணிமொழியின் முன்னால் அதை அவிழ்த்துக் கொட்டினார். சுரங்கத்தில் போடும் சேஃப்டி ஷூ, ஆறு ஜோடி.

"எங்க ஷிஃப்ட் ஆளுங்க ஆளுக்கு ஒரு ஜோடி குடுத்தாங்கம்மா. மாப்ள வேல செஞ்ச போட்டுல இருக்கிற பசங்களுக்கு. அவரு பேர்ல ஏதோ நம்மால ஆனது. அன்புமணி எடுத்துக்கினு போவட்டும்."

படகில் வளவனோடு வேலை பார்த்த அன்புமணி, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மணிமொழியைப் பார்த்தான். நடந்ததை அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று அவள்தான் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை முடிந்து, வளவன் கடலூரில் விசைப்படகு ஏறிய முதல் மாதமே வலையை விரித்துப் பிடிக்கும் கனத்த பலகை விழுந்து கால்விரல் நசுங்கியது. தனகோட்டி துடித்துப்போய்த் தன் புது ஷூவைக் கொடுத்தார். முப்பது வருஷம் சுரங்கத்தில் அவர் காலைக் காத்தது அந்த மாதிரி ஷூதான். "நாடாவ இறுக்கி ரெண்டு முடிச்சு போடணும் மாப்ள."

"இன்னாடா வளவா, கடல்ல நிலக்கரி தோண்டப் போறியா?" என்று படகில் எல்லோரும் கேலி செய்தார்கள். அவன் கழற்றவில்லை. கிளம்பும்போதெல்லாம் மணிமொழிதான் குனிந்து முடிச்சுப் போடுவாள். தடுமாறுவதுபோல் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அவன் சிரிப்பான்.

அவன் இறந்த அன்று, அலை அடித்துப் படகிலிருந்து வழுக்கிக் கடலில் விழுந்தவனுக்கு மிதவை வளையத்தை வீசினார்கள். எட்டிப் பிடிக்கும் தூரம்தான். நீர் ஏறிய ஷூ கீழே இழுக்க, அவன் வளையத்தை விட்டுவிட்டு நாடாவை அவிழ்க்கக் குனிந்தான். பிறகு மேலே வரவேயில்லை. உடல் கிடைத்ததும் அன்புமணிதான் தனகோட்டி கண்ணில் படாமல் ஷூவைக் கழற்றி மறைத்தான்.

"குடுங்க ஐயா, நான் எடுத்துக்கினு போறேன்." அன்புமணி அவசரமாக ஷூக்களைச் சாக்கில் அள்ளிப் போட்டான். வழியில் எங்காவது போட்டுவிடுவான் என்று மணிமொழிக்குப் புரிந்தது.

"இரு தம்பி, நானும் வரேன். மத்த போட்டுக்காரங்களுக்கும் எடுத்துச் சொல்றேன். எங்க மைன்ஸ்ல இது இல்லாம உள்ளயே விடமாட்டாங்க."

மணிமொழி சாக்கின் மேல் கை வைத்தாள். சொன்னால் அப்பா தாங்கமாட்டார். சொல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் இன்னொருத்தி குனிந்து முடிச்சுப் போடுவாள்.

"வேணாம்பா. அந்த ஷூதான் அவர மேல வர வுடல."

எல்லாவற்றையும் சொன்னாள். தனகோட்டி வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இறுக்கிப் போடச் சொன்னது நான்தானேம்மா."

"போட்டது நான்பா."

அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவர் அன்புமணியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள்லாம் இன்னா போட்டுக்கினு வேல செய்யறீங்க?"

"உதறினா கழண்டுடற ரப்பர் பூட்ஸுங்க. லைஃப் ஜாக்கெட்டும் இருக்குது. வேலைக்கு இடைஞ்சல்னு நாங்கதான் போடறதில்லீங்க."

"போடுங்கப்பா," என்றார் தனகோட்டி. சாக்கைத் தன் பக்கம் இழுத்து வாயைக் கட்டினார்.